வாசகர் கேள்வி-பதில்: ஆளைப் பார்க்குமுன் தாளைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கில் 4,800 ரூபாய் குறைகிறது. ரசீது போட்டவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. முன்பு குடித்தவர் என்பதால் எல்லாருடைய கண்ணும் அவர்மேல்தான். வேறு சிலரோ, "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்று ஆண்டவரே சொன்னாரே, விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். எது சரி?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டுமே சரியில்லை, சகோதரி. அவர்கள் காட்டும் அந்த வசனம், மத்தேயு 7:1, கணக்குப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தோற்றத்தின்படி அல்ல, நீதியின்படி தீர்ப்புச் செய்யுங்கள் என்று யோவான் 7:24-இல் சொன்னவரும் அதே ஆண்டவர்தான். பழைய குடியை வைத்து இன்றைய திருட்டை முடிவு செய்வது தோற்றத்தைப் பார்ப்பதுதானே?

முதலில் ஏலப் பட்டியல், ரசீது அடிக்கட்டை, வங்கிப் பாஸ்புக் மூன்றையும் எடுத்து வரிவரியாக ஒத்துப் பாருங்கள். காணிக்கையாக வந்த கேரட் மூட்டையையும் சேவலையும் ஏலத்தில் உற்சாகத்தில் விலை ஏற்றி எடுத்தவர், "சம்பளத்தன்று தருகிறேன்" என்று சொல்லிப் போயிருப்பார். பட்டியலில் தொகை இருக்கும், அடிக்கட்டை இருக்காது. அந்தப் பெயர்களை எல்லாம் கேளுங்கள். வசதியானவராயிற்றே என்று கூச்சப்பட்டு ஒருவரையும் விடாதீர்கள். ஏழைக்காகவும் சாயக்கூடாது, பெரியவனுக்காகவும் சாயக்கூடாது என்கிறது லேவியராகமம் 19:15.

அதற்குப் பிறகும் குறைந்தால் மத்தேயு 18:15. ஒருவர் மட்டும் போய், தனியாகப் பேச வேண்டும். தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் வைத்துப் பேசாதீர்கள், பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். "எடுத்தீர்களா?" என்று ஆரம்பித்தால் அவர் வாயடைத்துப் போவார், அல்லது கோபப்படுவார். "இந்த மூன்று வரி ஒத்துவரவில்லை, சேர்ந்து பார்க்கலாமா அண்ணா?" என்று கேளுங்கள். ஒத்துழைக்காவிட்டால்தான் இன்னும் ஒருவரோ இருவரோ கூடப் போக வேண்டும். சபையில் அறிவிப்பது அதற்கும் பிறகு. இந்தப் படிகளைத் தாண்டி நேரே கமிட்டியில் எடுத்தால், பணம் வந்தாலும் அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வராமல் போய்விடும்.

அவர் ஒத்துக்கொண்டால் முழுவதையும் தள்ளுபடி செய்யாதீர்கள். அவரைக் கடைசிவரை தலைகுனிய வைக்கிற இரக்கம் அது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றபோது ஆண்டவர் தடுக்கவில்லை. மாதம் 400 வீதம் 12 தவணை என்று எழுதிக்கொள்ளுங்கள். உறைபனி மாதங்களில் கொழுந்து குறையும், கூடுதல் கிலோவுக்கு வரும் காசும் குறையும். அந்த மாதங்களில் தவணை கேட்க வேண்டாம்.

சபையின் தப்பையும் சொல்லியாக வேண்டும். ஏலம் எழுதுவது, பணம் வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் விட்டது யார்? பவுல் எருசலேமுக்கான காணிக்கையைத் தன் உடன் ஊழியனான தீத்துவை மட்டும் நம்பி விடவில்லை. ஒருவரும் குறை சொல்ல இடம் வரக்கூடாது என்று வேறு சகோதரரையும் கூட அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21). அடுத்த பண்டிகைக்கு எழுத ஒருவர், பணம் வாங்க ஒருவர் என்று வையுங்கள். அன்று மாலையே இருவரும் எண்ணிக் கையெழுத்துப் போடட்டும்.

கேள்வி: மூன்று வருஷச் சபைச் சந்தா பாக்கி வைத்திருக்கும் குடும்பத்தில் துக்கம். அடக்கத்துக்கு முன் பாக்கியைக் கேட்கலாமா?
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: கூடாது. முதலில் அடக்கம் நடக்கட்டும். ஒரு மாதம் கழித்து, சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்குப் போய், ஏன் கட்ட முடியவில்லை என்று கேட்டுவிட்டுத் தொகையைப் பேசட்டும். போவதற்கு முன் சந்தாப் புத்தகத்தை முழுவதும் புரட்டுங்கள். இதே அளவு பாக்கியுள்ள வசதியான வீட்டாரிடம் கேட்காமல் விட்டிருந்தால், முதலில் அங்கே போங்கள்.