அள்ளிய குப்பையும் எழுதாத கணக்கும்

அன்புள்ள ஐயா,

பெருந்தொற்றுக் காலத்தில் நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கட்டுப்பாடுகள் சற்றுத் தளர்ந்த மாதங்களில் நானும் நண்பர்களும் வாரந்தோறும் ஒரு மீனவர் குடியிருப்புக்குச் சென்று கரையைத் தூய்மை செய்தோம். முகக்கவசங்களும் கையுறைகளும் பிளாஸ்டிக்குமாக மூட்டை மூட்டையாக அள்ளினோம். மீனவர்களுக்குக் கடல் மாசு பற்றி விழிப்புணர்வுக் கூட்டங்களும் நடத்தினோம். கல்லூரி சான்றிதழ் கொடுத்தது. வேலைக்குச் சென்றுவிட்ட இப்போது ஒரு கேள்வி உறுத்துகிறது. நோய் பரவிய நாட்களில் அங்கே போனதே தவறா? அது தொண்டா, வீட்டில் அடைபட்டுக் கிடந்த எங்களுக்குக் கிடைத்த வடிகாலா? அடுத்த வாரமே கரை பழையபடி ஆகிவிட்டதே?

தேன்மொழி

அன்புள்ள தேன்மொழி,

கடிதங்களுக்கு நான் உடனே பதில் எழுதுபவன் அல்லன். உங்களுக்கு எழுதக் காரணம், கொழும்புக்கு அப்பால் எரிந்து கடலை மாசாக்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பலின் வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அளித்த தீர்ப்பைப் பற்றிச் சில காலமாக யோசித்துக்கொண்டிருந்ததுதான். அந்த யோசனைக்குள் உங்கள் கடிதம் வந்து விழுந்தது.

முதலில் உங்கள் மனச்சுமையைக் கொஞ்சம் இறக்கிவைக்கிறேன். அந்த வயதில், ஊரே கதவடைத்துக் கிடந்த நாட்களில், வெயிலில் குனிந்து அடுத்தவர் எறிந்த குப்பையை அள்ளினீர்கள். அதற்கான தூண்டுதல் கருணையா சலிப்பா என்று இப்போது தோண்டிப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. சான்றிதழ் கொடுத்தார்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். நோயைப் பற்றிய கேள்விக்கும் நீண்ட பதில் தேவையில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகு, கவனத்தோடு போயிருந்தால் குற்றமில்லை. கேட்காமல் போயிருந்தால், வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும் இடத்துக்கு நோயைக் கொண்டு சேர்க்கும் அபாயத்தை அவர்கள் தலையில் கட்டினீர்கள் என்று பொருள். எது நடந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கண்டிக்காமல் விட முடியவில்லை. மீனவர்களுக்குக் கடலைப் பற்றி விழிப்புணர்வு ஊட்டினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் காற்றுக்கு எந்தக் குப்பை எந்தத் திசையிலிருந்து வந்து ஒதுங்கும், எந்த மாதத்தில் வலையில் மீனைவிடப் பிளாஸ்டிக் அதிகம் ஏறும் என்பதெல்லாம் தெரிந்த மனிதர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். இத்தனை மாதங்கள் போய்வந்தும், அங்கே ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் பேசினீர்கள், அவர்கள், பாவம், மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

கரை ஏன் பழையபடி ஆயிற்று என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. நீங்கள் அள்ளினீர்கள், எழுதவில்லை. எத்தனை மூட்டை என்பதோடு உங்கள் கணக்கு நின்றுவிட்டது. மூட்டைக்குள் என்ன இருந்தது, எந்தத் தேதியில், கரையின் எந்தப் பகுதியில், அலை ஏறி நின்ற கோட்டுக்கு மேலா கீழா என்று யாரேனும் ஒரு நோட்டில் குறித்தார்களா? அமெரிக்காவில் டெக்சாஸ் கரையில் 1986-ல் தொடங்கிய தூய்மைப் பணியில் தொண்டர்களிடம் பையோடு ஓர் அட்டையையும் கொடுத்தார்கள். எடுத்த ஒவ்வொரு பொருளையும் வகை பிரித்து அதில் குறிக்க வேண்டும். இன்று பல நாடுகளில் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மைப் பணி அந்த அட்டையிலிருந்து வளர்ந்ததுதான். கப்பல்கள் பிளாஸ்டிக்கைக் கடலில் கொட்டுவதைத் தடை செய்யும் மார்போல் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31-ல் நடைமுறைக்கு வந்ததற்கு முந்தைய ஆண்டுகளில், கரையில் கிடப்பது கடற்கரைக்கு வந்துபோகிறவர்கள் போட்டது மட்டுமல்ல என்று சொல்ல அத்தகைய பட்டியல்கள்தான் உதவின. குப்பையை அகற்றிவிட்டுப் பட்டியலை எழுதாமல் போகிறவர், அதைப் போட்டவருக்குச் சம்பளமில்லாத வேலைக்காரர் ஆகிறார்.

அள்ளுவதோடு நில்லாமல் பொறுப்பு யாருடையது என்று கேட்பதும் கணக்கு வைப்பதும் ஏன் தேவை என்பதைப் பெருந்தொற்றுக் காலத்திலேயே இரண்டு கப்பல்கள் காட்டின. 2020 ஜூலை 25-ல் மொரீஷியஸ் தீவின் பவளப்பாறையில் வகாஷியோ என்ற கப்பல் தரைதட்டியது. ஆகஸ்ட் 6-ல் எண்ணெய் கசியத் தொடங்கி, ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்தது. அதிகாரிகளிடம் விட்டுவிடுங்கள் என்று அரசு சொன்னதைப் பொருட்படுத்தாமல், மாணவர்களும் ஊர்மக்களுமாக ஆயிரக்கணக்கானோர் துணியில் காய்ந்த கரும்புத் தோகையைத் திணித்துத் தைத்து, மிதக்கும் தடுப்புகள் செய்து கடலில் இறக்கினார்கள். அவர்கள் கூட்டம் நடத்தி யாருக்கும் எதையும் போதித்துக்கொண்டிருக்கவில்லை. அதே ஆகஸ்ட் 29-ல் தலைநகரில் பெருந்திரளாகக் கூடிப் பொறுப்பு யாருடையது என்றும் கேட்டார்கள்.

மறு ஆண்டு மே 20-ல், நோயின் கடும் அலைக்கு நடுவே, கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் தீப்பிடித்தது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. பிளாஸ்டிக் பொருள்கள் செய்ய மூலப்பொருளாகும் பிளாஸ்டிக் மணிகள் ஏறக்குறைய 1,680 டன் கடலில் சிந்தின. பருப்பளவே உள்ள அந்த மணிகளைக் கையால் பொறுக்க முடியாது. மணலைச் சல்லடையில் போட்டுச் சலிக்க வேண்டும். சலித்த இடத்தில் அடுத்த அலை மறுபடி கொண்டுவந்து போடும். மேற்குக் கரையில் மீன்பிடிக்கத் தடை வந்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். சந்தைகள் மூடியும் வாங்க ஆளில்லாமலும் ஏற்கெனவே வருமானம் விழுந்துகிடந்த குடும்பங்களுக்கு, நோயால் போனது எவ்வளவு, கப்பலால் போனது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? இழப்பீட்டுக்குப் பொறுப்பானவர் முதலில் பிடித்துத் தொங்கும் கேள்வி இதுதான். கப்பல் எரிவதற்கு முன்பு நாள்தோறும் எத்தனை படகுகள் போயின, என்ன மீன் வந்தது, ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று என்ற குறிப்பு கையில் இல்லாத ஊர் அந்தக் கேள்விக்கு முன் வாயடைத்து நிற்கும். சுற்றுச்சூழல் அமைப்புகளும் மீனவர்களும் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. கப்பல் நிறுவனம் 2025-ல் அதை ஏற்க மறுத்தது. பணம் என்றாவது வந்தாலும், அதை வீடு வீடாகப் பிரிக்கும் இடத்தில் மீண்டும் அதே குறிப்புதான் தேவைப்படும்.

உங்களுக்கு அந்த மாதங்களில் நேரம் இருந்தது, எழுதத் தெரிந்தது, கையில் கேமரா உள்ள செல்பேசி இருந்தது. ஏலம் நடக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, முகக்கவசத்தோடு ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார ஒருவர் போதும். கரையில் கயிறு கட்டி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் பிரித்து, ஒவ்வொரு வாரமும் அதே சதுரத்தில் கிடப்பதை எண்ணி எழுத இரண்டு பேர் போதும். மீதிப் பேர் தாராளமாகக் குப்பை அள்ளியிருக்கலாம். உங்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. உங்களை அனுப்பிய ஆசிரியர்களும் சொல்லியிருக்க வேண்டும். அவர்களுக்குப் புகைப்படம் போதுமானதாக இருந்திருக்கிறது.

இன்னும் முழுக்கக் கைவிட்டுப் போகவில்லை. உங்கள் குழுவினரின் செல்பேசிகளில் அந்தக் காலத்துப் படங்கள் இருக்கும்; பெரும்பாலானவற்றில் தேதியும் இருக்கும். நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்களை ஒதுக்கிவிட்டு, பின்னால் மணலில் என்ன கிடக்கிறது என்று தெரிவதை மட்டும் தேதிவாரியாக அடுக்குங்கள். பிறகு அந்த ஊருக்கு ஒருமுறை போய், மீனவர் சங்கத்தாரோடு உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் காட்டி, அன்று காற்று எப்படி, இது எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். ஒரு பிரதியைத் தமிழில் அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். இந்த முறை நீங்கள் பேச வேண்டாம்.