கேம் கார்னர்: வாசல்படியில நிக்காதீங்கப்பா!

கேள்வி: அண்ணா, ஹாஸ்டல்ல நாங்க அஞ்சு பேர் சனிக்கிழமை ஆனா ‘ரெடி ஆர் நாட்’ங்கற போலீஸ் கேம்தான். ஆனா முதல் மிஷன், அந்த பெட்ரோல் பங்க்கையே இன்னும் தாண்டல. கதவைத் திறந்ததும் முதல்ல போறவன் காலி, பின்னாடி வர்றவன் பதட்டத்துல நம்மாள் முதுகுலயே சுட்டுடறான், அப்புறம் விடிய விடிய சண்டை. யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.
(அஞ்சு பேர்ல அடிக்கடி சாகறவன்)

பதில்: தப்பு வாசல்படி மேலதான் தம்பி. இந்த கேம் ஆடறவங்க அதை ‘ஃபேட்டல் ஃபனல்’னு சொல்வாங்க. உள்ள இருக்கறவனுக்கு நீ எந்த வழியா வருவேன்னு நல்லா தெரியும், அவன் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியாது, அந்த இடத்துல போய் நின்னு யோசிச்சா அவன் சுடாம ஆரத்தியா எடுப்பான்?

கதவைத் தொடறதுக்கு முன்னாடி மிரர்கன், அதாவது உள்ள எட்டிப் பாக்கற கருவியை எடுத்து கதவுக்கு அடியில விட்டுப் பாருங்க, யார் எங்க நிக்கறாங்கன்னு தெரியும். சில மேப்ல கதவுல கம்பி கட்டி ட்ராப் வச்சிருப்பான், அதுவும் அதுல தெரியும். மல்டிடூல் வச்சு அதை எடுத்துடலாம். அப்புறம் கதவைத் திறந்ததும் உள்ள ஓடாம வெளிய நின்னே, கேக் துண்டு போடற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா அரைவட்டமா நகர்ந்து பாருங்க, இதுதான் ‘பை ஸ்லைசிங்’. பாதி ரூமுக்கு மேல வெளிய இருந்தே க்ளியர் ஆயிடும். எவ்ளோ நகர்ந்தாலும் தெரியாத இடம் ஒண்ணு இருக்கும், கதவு இருக்கற சுவரை ஒட்டின மூலை, அதுக்குப் பேர் ‘ஹார்ட் கார்னர்’. உங்காளு செத்ததெல்லாம் அங்க இருந்து வந்த குண்டுலதான்னு நான் பந்தயம் கட்டறேன்.

அந்த மூலைக்காகத்தான் உள்ள போகணும். கதவு சுவரோட நடுவுல இருந்தா ஹார்ட் கார்னர் ரெண்டு, ஓரத்துல இருந்தா ஒண்ணுதான், இதை வெளியிலயே பாத்துடுங்க. முதல் ஆள் ஒரு மூலைக்குப் போனா ரெண்டாவது ஆள் யோசிக்கவே கூடாது, எதிர்ப்பக்கம். முதல் ஆள் பாதியில நின்னுட்டான்னா பின்னாடி மூணு பேர் வாசல்ல ரயில்பெட்டி மாதிரி மாட்டிக்குவாங்க, நீங்க முதுகுல சுடறதும் அப்படித்தான் நடக்குது, ஏன்னா இதுல நம்மாளு மேல பட்டாலும் குண்டு குண்டுதான். மூணாவது, நாலாவது ஆள் நடுப்பகுதியைப் பாக்கட்டும். அஞ்சாவது ஆள் வெளியிலயே நின்னு வராண்டாவைப் பாக்கணும், போர் அடிக்கும், ஆனா முதுகு பக்கம் வர்றவனை அவன்தான் பிடிப்பான். போகாத கதவுக்கெல்லாம் திறக்க முடியாதபடி வெட்ஜ், அதான் ஆப்பு, சொருகிடுங்க. அந்த பங்க்ல கதவு நிறைய, ஒரு ரூமை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போறதுக்குள்ள ஆளு சுத்தி வந்துடுவான். பாத்ரூமுக்கு அஞ்சு பேர் வேண்டாம், ப்ளீஸ்.

ஃபிளாஷ்பேங், அதான் கண்ணைக் கொஞ்ச நேரம் குருடாக்கற குண்டு, அதைப் போடறவன் முதல்ல நுழையறவனா இருக்கக் கூடாது. போடறதுக்கு முன்னாடி வாய்விட்டு ‘ஃபிளாஷ்’னு கத்தணும், வெடிச்ச அப்புறம்தான் அசையணும். நான் ஒரு தடவை கெத்தா போட்டேன், அது கதவு ஓரத்துல பட்டுத் திரும்பி எங்க காலடியிலயே வந்து வெடிச்சுது. நாலு பேரும் குருடு, உள்ள இருந்தவனுக்கு ஒண்ணும் ஆகல. இன்னிக்கும் அந்த குரூப்புல எனக்கு அதான் பேரு.

கேள்வி: நான் ‘ரெயின்போ சிக்ஸ் சீஜ்’ங்கற துப்பாக்கி கேம்ல ரேங்க் ஆளு. அதே ஸ்டைல் ரெடி ஆர் நாட்டுக்கு செட் ஆகுமா?

பதில்: மூலை பாக்கற பழக்கம் மட்டும் செட் ஆகும். 2015ல வந்த சீஜ்ல அஞ்சுக்கு அஞ்சு, எதிர்ல மனுஷங்க. சுவரை உடைக்கலாம், மாடியில இருந்து தரை வழியா சுடலாம், தலை தெரிஞ்சதும் சுட்டா கைத்தட்டு. இங்க நீங்க போலீஸ். முதல்ல கத்தி சரணடையச் சொல்லணும், துப்பாக்கியை நம்ம பக்கம் தூக்காதவனைச் சுட்டா ஸ்கோர் போச்சு, ஒண்ணும் செய்யாம நடுங்கிட்டு இருக்கற பொதுஜனத்துக்கும் கைவிலங்கு போட்டு ரிப்போர்ட் பண்ணணும். கை தூக்கினவனையும் விலங்கு போடற வரைக்கும் நம்பாதீங்க, சிலர் சரணடையற மாதிரி நடிச்சுட்டு பிஸ்டல் எடுப்பாங்க. அதனால ஒருத்தர் விலங்கு போடறப்ப இன்னொருத்தர் கன் பாயின்ட்ல வச்சிருக்கணும். உங்க சீஜ் விரலுக்கு முதல் வாரம் இது ரொம்ப கஷ்டமா இருக்கும்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட பழைய லேப்டாப்தான். ரெடி ஆர் நாட் ஓடாது. வேற வழி?

பதில்: ‘ஸ்வாட் 4’ ஆடுங்க. 2005ல இர்ரேஷனல் கேம்ஸ் பண்ணது, நம்மாளுங்களை ரெண்டா பிரிக்கற ரெட் டீம், ப்ளூ டீம், கதவுக்கு வெட்ஜ், சுடறதுக்கு முன்னாடி கத்தறது எல்லாமே அதுலயே இருக்கு. கிராஃபிக்ஸ் பழசுதான், ஆனா அதுலயும் வாசல்படியில நின்னா செத்துடுவீங்க.