சத்துக் குறைந்த நெல்லுக்கு சிலிக்கான் தெளிக்கலாமா?

திருவாரூர் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: சம்பா நட்டு 25 நாள் ஆகிறது. இலைகளில் துரு நிறப் புள்ளிகள். வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் வளராமல் குட்டையாக நிற்கிறது. உரக்கடையில் பொட்டாசியம் சிலிக்கேட் என்ற சிலிக்கான் திரவம் ஒரு லிட்டர் கொடுத்து, "இதைத் தெளித்தால் எந்தச் சத்துக் குறைவையும் பயிர் தாங்கிக்கொள்ளும், உரத்தையும் குறைக்கலாம்" என்றார்களாம். தெளிக்கலாமா?

இப்போது வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஜிங்க் குறைவு மாதிரிதான் தெரிகின்றன. இளம் இலையின் அடிப்பக்கத்தில் நடுநரம்பு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம் கரைத்துத் தெளியுங்கள். பதினைந்து நாள் விட்டு இன்னொரு முறை. குட்டையாகாமல், வயல் முழுக்கப் பரவலாக, நடுவில் சாம்பல் நிறத்தோடு நீள்வட்டப் புள்ளிகள் மட்டும் இருந்தால் அது செம்புள்ளி நோயாக இருக்கலாம். அப்படியானால் பயிரோடு வேளாண் அலுவலரிடம் காட்டிவிடுங்கள்.

அதற்காக சிலிக்கானை ஒதுக்கிவிடவும் கூடாது. எல்லாப் பயிரையும்விட நெல்லுக்கு அது முக்கியம். ஒரு டன் நெல் விளைய, பயிர் சுமார் 80 கிலோ சிலிக்கானை மண்ணிலிருந்து எடுக்கிறது. தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போல நாலைந்து மடங்கு! இதை உள்ளே இழுப்பதற்கென்றே நெல் வேரில் தனி வழி இருக்கிறது. அதற்கான மரபணுவை 2006-இல் ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கரும்பும் நிறைய எடுக்கும். தக்காளி கிட்டத்தட்ட எடுப்பதே இல்லை, ஆகவே நெல்லில் கிடைத்த பலனைத் தக்காளியில் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, சத்துக் குறைவில் சிலிக்கான் என்ன செய்கிறது? இல்லாத சத்தைக் கொண்டுவந்து கொடுக்காது. இருக்கிற சத்து வீணாகாமல் பயன்பட வழி செய்யும், அவ்வளவுதான். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கிய வயலில் இரும்பும் மாங்கனீசும் அதிகமாகக் கரைந்து பயிருக்குள் போய், அங்கே இருக்கும் கொஞ்ச மணிச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிக்கான் போதுமான அளவு இருந்தால் இந்த இரண்டும் உள்ளே போவது குறையும், மணிச்சத்து பயிருக்கு உதவும். பயிர் எடுக்கும் மணிச்சத்தின் மொத்த அளவு கூடிவிடுவதில்லை. வெள்ளரியில் செய்த ஆய்வுகளில் இரும்புக் குறைவுக்கும் ஓரளவு பலன் தெரிந்தது: வேரின் செல் சுவர்களில் தங்கிய இரும்பைச் செடி எடுத்துப் பயன்படுத்த சிலிக்கான் துணை செய்தது.

தழைச்சத்தில் கதையே வேறு. குறைவாக இருந்தால் சிலிக்கானால் பெரிதாக ஒன்றும் ஆகாது, யூரியாதான் போட வேண்டும். கூடிப்போன இடத்தில்தான் அது கைகொடுக்கிறது. இலை தொங்காமல் நிமிர்ந்து வெயிலை வாங்கும், தண்டு உறுதியாகும், குலை நோய் குறையும், கதிர் முற்றும்போது பயிர் சாய்வதும் குறையும். 'உரத்தைக் குறைக்கலாம்' என்று கடையில் சொன்னதை இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சாயும் பயமின்றி, போட்ட உரத்தின் முழுப் பலனை எடுக்கலாம். மண் பரிசோதனை சொல்லும் அளவுக்குக் கீழே போகக் கூடாது.

இனி அந்த ஒரு லிட்டர். அதில் இருக்கும் சிலிக்கான் அரை கிலோகூட வராது. ஏக்கருக்கு இரண்டு டன் விளைந்தால் பயிர் எடுப்பது 160 கிலோ. தெளிப்பு இலைப்பரப்பில் சில நோய்களைத் தடுக்க உதவலாம், பயிரின் தேவையை அது நிறைவேற்றாது. சிலிக்கான் வேர் வழியாகப் போக வேண்டிய பொருள். இன்னொரு முக்கிய விஷயம்: பொட்டாசியம் சிலிக்கேட் கடுமையான காரத்தன்மை கொண்டது. ஜிங்க் சல்பேட்டோடு ஒரே டேங்கில் கலந்தால் திரிந்து படியும், இரண்டுமே வீண், தெளிப்பானின் நாசிலும் அடைத்துக்கொள்ளும்.

அடுத்த முறை மண்ணுக்கு எதைப் போடுவது? கையருகிலேயே இருக்கிறது. ரைஸ் மில்லில் கிடைக்கும் கருப்பு உமிச்சாம்பலை நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை போட்டு மண்ணோடு கலந்துவிடலாம். சென்ட்டுக்கு 20 முதல் 40 கிலோ ஆகும். அதிகச் சூட்டில் எரிந்து வெளுத்த சாம்பல் அவ்வளவாகக் கரையாது, கருப்பாக இருப்பதையே கேட்டு வாங்குங்கள். உங்கள் மண் ஏற்கெனவே களர் என்றால் சாம்பலை அளவோடு நிறுத்துங்கள், காரம் கூடினால் ஜிங்க் கிடைப்பது இன்னும் மோசமாகும்.

அதைவிடப் பெரிய இருப்பு வைக்கோல். ஒரு டன் வைக்கோலில் 40 முதல் 70 கிலோ சிலிக்கானும் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இருக்கின்றன. இப்போது டெல்டாவில் அறுவடை முடிந்த கையோடு மெஷின் வந்து கட்டுக் கட்டாகச் சுருட்டிக்கொண்டு போகிறது. மாட்டுக்கு வேண்டியதுதான், நானும் தடுக்கவில்லை. ஆனால் போகம் தவறாமல் மொத்தத்தையும் விற்றால் வயல் வருஷா வருஷம் இளைக்கும். பாதியையாவது வயலிலேயே விடுங்கள். மாட்டுக்குப் போனதைத் தொழுவுரமாகத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வைக்கோலை மடக்கி உழும்போது அவசரப்பட வேண்டாம். நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே உழுது மட்க விடுங்கள். கடைசி நேரத்தில் உழுது உடனே நட்டால், மட்கும் வைக்கோல் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு, இளம் பயிர் வெளுத்துவிடும்.