"ஹிட்லர் மாதிரி ஒருத்தர் வரணும் சார்": வகுப்பில் ஒரு மாணவன் இப்படிச் சொன்னால்?

கேள்வி: தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். நாஜி ஜெர்மனி பாடம் தொடங்கிய அன்றே ஒரு பையன் எழுந்து, "நம்ம நாட்டுக்கும் ஹிட்லர் மாதிரி ஒருத்தர் வரணும் சார்" என்றான். பின்பெஞ்சில் இரண்டு பேர் கையை நீட்டி சல்யூட் அடித்துச் சிரித்தார்கள். ஒரு மாணவி, "நெருப்பில்லாம புகையுமா? யூதர்கள் ஏதாவது பண்ணியிருப்பாங்கல்ல?" என்று கேட்டாள். மூவரையும் திட்டி, அவளையும் உட்காரச் சொல்லிவிட்டேன். செய்தது சரியில்லை என்று அன்று இரவே தோன்றியது. இன்னும் ஐந்து பீரியட் இருக்கிறது. எப்படிக் கொண்டுபோவது?
– ஓர் ஆசிரியர், கோவை

பதில்: முதலில் அந்தப் பையன். அவன் யூதர்களை வெறுக்கிறவனாக இருக்க வாய்ப்பில்லை. ஒரு யூதரை நேரில் பார்த்திருக்கவே மாட்டான். நம் ஊரில் 'ஹிட்லர்' என்பது கண்டிப்பான அப்பாவுக்கும் ஹெச்.எம்.முக்கும் வைக்கிற பட்டப்பெயர். லஞ்சம் ஒழிய வேண்டும், எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற ஆசையைத்தான் அவன் தெரியாமல் அந்தப் பெயரில் சொல்கிறான். திட்டினால் ஆசை அப்படியே இருக்கும், உங்களிடம் சொல்வது மட்டும் நின்றுபோகும்.

அடுத்த பீரியடில் அவனிடமே கேளுங்கள், கிண்டல் இல்லாமல்: "அவர்கிட்ட உனக்கு எது பிடிச்சிருக்கு?" சொல்வதைப் பலகையில் எழுதுங்கள். நான் கேட்ட வகுப்புகளில் எல்லாம் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வந்தது: ரோடு போட்டார், வேலை கொடுத்தார், நாட்டைத் தலைநிமிர வைத்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாக எடுங்கள். கொலோன் நகரத்துக்கும் பான் நகரத்துக்கும் இடையே புகழ்பெற்ற அந்த விரைவுச் சாலை 1932இலேயே திறக்கப்பட்டுவிட்டது. திறந்துவைத்தவர் கொலோன் மேயர் கான்ராட் அடினாவர். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரியில். வந்ததும் அடினாவரை மேயர் பதவியிலிருந்து தூக்கினார்கள். போருக்குப் பிறகு 1949இல் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் ஆனவர் அவரேதான். வேலை விஷயமும் இப்படித்தான். 1933 ஏப்ரலில் சட்டம் போட்டு யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கினார்கள். மனைவி வேலையை விட்டால்தான் கல்யாணக் கடன் என்றார்கள். 1935இல் கட்டாய ராணுவ சேவை வந்தது. மற்றவர்களை ஆயுதத் தொழிற்சாலை இழுத்துக்கொண்டது. வேலை இல்லாதவர் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்? இந்த இடத்தில் பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இரண்டாவது பீரியடுக்கு ஒரு கணக்கு தருகிறேன். 1930களின் ஜெர்மன் கணக்குப் புத்தகத்தில் வந்தது. எங்கிருந்து என்று சொல்லாமல் பலகையில் எழுதிப் போடுங்கள்: 'ஒரு மனநலக் காப்பகம் கட்ட 60 லட்சம் மார்க் ஆகிறது. ஒரு வீட்டுக்கு 15,000 மார்க் என்றால், அந்தப் பணத்தில் எத்தனை வீடுகள் கட்டலாம்?'

அரை நிமிடத்தில் "நானூறு" என்று கத்துவார்கள். சரி என்று டிக் போடுங்கள். அப்புறம், "இந்தக் கணக்கு வகுத்தல் மட்டும்தான் சொல்லிக்கொடுக்குதா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அந்த அமைதியை நீங்களாகக் கலைக்காதீர்கள். நான் எடுத்த ஒரு வகுப்பில், எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண், "எங்க அண்ணன் மாதிரி ஆளுங்க இருக்கறதால நானூறு பேருக்கு வீடு போச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு சார்" என்றாள். அவளுடைய அண்ணனுக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு. அதற்குமேல் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை.

அதன் பிறகுதான் தகவல். 1939 இறுதியிலிருந்து 1941 ஆகஸ்டுக்குள், மனநலம் குன்றியவர்கள், மாற்றுத்திறனாளிகள் என 70,000க்கும் மேற்பட்டவர்களை விஷவாயு அறைகளில் கொன்றார்கள். அந்த வேலையில் பழகிய ஆட்கள் பலர்தான் பிறகு பெல்ஜெக், சோபிபோர், டிரெப்ளிங்கா முகாம்களுக்குப் போய் யூதர்களைக் கொன்றார்கள். கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் என்ற எண்ணைப் பாடத்தின் முதல் வரியில் சொன்னால் பரீட்சைக்குக் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு சொல்லிப் பாருங்கள்.

அந்த மாணவியின் 'நெருப்பில்லாம புகையுமா'வுக்கு ஒரு முழு பீரியட் கொடுங்கள். உங்களுக்கு வந்த மூன்றில் கனமான கேள்வி அதுதான். அவள் துணிந்து கேட்டாள், மற்றவர்கள் மனதுக்குள் கேட்டார்கள். புகையைக் கிளப்பியவர்கள் யார் என்று காட்டுங்கள். 1348இல் ஐரோப்பாவில் பிளேக் பரவியபோது, யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று வதந்தி. யூதர்களும் அதே நோயில் சாகிறார்களே, யூதர்களே இல்லாத ஊர்களிலும் நோய் இருக்கிறதே என்று போப் ஆறாம் கிளமென்ட் ஆணை போட்டும் எடுபடவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1349 பிப்ரவரியில் யூதர்களை உயிரோடு எரித்தார்கள். அப்போது அந்த ஊருக்குள் பிளேக் வந்திருக்கவே இல்லை! யூதர்களிடம் வாங்கிய கடன்கள் மட்டும் ரத்தாயின. 'அவர்கள் ஏன் வட்டிக்கு விட்டார்கள்?' என்று யாராவது கேட்பார்கள். பல ஊர்களில் நிலம் வைத்துக்கொள்ள முடியாது, கைத்தொழில் சங்கங்களில் இடம் கிடையாது, வட்டி வாங்குவது கிறிஸ்தவர்களுக்குத் திருச்சபை தடை செய்த தொழில். மிச்சம் இருந்த தொழிலுக்குத் தள்ளிவிட்டு, அதைச் செய்ததற்கே ஏசினார்கள்.

இன்னொரு புகை, யூதத் தலைவர்கள் கூடி உலகத்தைப் பிடிக்கத் திட்டம் போட்டதாகச் சொல்லும் 'சியோன் மூத்தோரின் நெறிமுறைகள்'. 1903இல் ரஷ்யாவில் வெளிவந்தது. அது போலி என்று 1921இலேயே லண்டன் டைம்ஸ் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக் காட்டியது. பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து 1864இல் வந்த ஒரு நூலிலிருந்து சுட்டது. அந்த மூல நூலில் யூதர் பேச்சே இல்லை. இருந்தும் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தொழுகைக்கூடத்துக்குள் புகுந்து 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், யூதர்கள் வெளியாட்களைக் கொண்டுவந்து நாட்டை அழிக்கிறார்கள் என்று நம்பியவன்.

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதற்கு யூதர்கள் 'முதுகில் குத்தியதுதான்' காரணம் என்ற பழிக்கு இரண்டு எண்கள் போதும். 1933இல் ஜெர்மனியில் நூறு பேருக்கு ஒரு யூதர்கூட இல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் போனார்கள். ஏறக்குறைய 12,000 பேர் திரும்பவில்லை.

செய்யக்கூடாதவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாதி வகுப்பை யூதர்களாகவும் பாதியை நாஜிகளாகவும் பிரித்து 'ஆக்டிவிட்டி' நடத்தாதீர்கள். வாஷிங்டனில் உள்ள இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும் இது வேண்டாம் என்றுதான் ஆசிரியர்களுக்குச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிடும், இல்லையென்றால் ஒரு பிள்ளைக்கு மட்டும் நிஜமாகிவிடும். புரொஜெக்டரில் பிணக்குவியல் படமும் வேண்டாம். நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் சைக்கிளைப் பற்றிச் சொல்லுங்கள். 1942இல் ஆம்ஸ்டர்டாமில் யூதர்கள் சைக்கிளை ஒப்படைக்க வேண்டும், டிராமில் ஏறக் கூடாது என்றார்கள். அதற்கு முந்தைய வருடமே அவளைப் பழைய பள்ளியிலிருந்து யூதர் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். ஒளிந்துகொள்ளப் போனபோது அவளுக்கு 13 வயது. உங்கள் பிள்ளைகளைவிட ஒரு வயது சின்னவள்.

யூதர்கள் உட்காரக்கூடாத பூங்கா பெஞ்சைப் பற்றிப் பேசும்போது, "டீக்கடை ரெட்டை டம்ளர் மாதிரி சார்" என்று ஒரு குரல் வரும். வந்தால் தடுக்காதீர்கள். வராவிட்டால் நீங்களாக இழுத்து வராதீர்கள். பிள்ளைகள் தாங்களாகப் போய்ச் சேரும்போது அதற்கு இருக்கும் வலு வேறு. ஆனால் இரண்டும் ஒன்று என்று முடித்துவிடக் கூடாது. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இல்லை என்று வீட்டில் எழுதி வரச் சொல்லுங்கள்.

காசாவைப் பற்றியும் கேட்பார்கள். சிலபஸில் இல்லை என்று நழுவாதீர்கள். எந்த அரசையும் போல இஸ்ரேல் அரசையும் கடுமையாக விமர்சிக்கலாம், இஸ்ரேலிலேயே யூதர்கள் பலர் செய்கிறார்கள். அந்தக் கோபத்தை எங்கோ இருக்கும் ஒரு யூதக் கடைக்காரர்மேல் திருப்பினால் அது வேறு விஷயம், யூத வெறுப்பு.

சல்யூட் அடித்த இரண்டு பேர்? ஜெர்மனியில் அது இன்றும் சட்டப்படி குற்றம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போங்கள். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பாடம் முடிந்த பிறகும் செய்தால் மட்டும் வீட்டுக்குத் தகவல்.

முடிந்தால் ஒரு நாள் கொச்சி மட்டாஞ்சேரிக்குக் கூட்டிப் போய்வாருங்கள். 1568இல் கட்டிய பரதேசி யூதத் தொழுகைக்கூடம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இருந்த யூதர்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். யாரும் விரட்டிப் போனதல்ல. முகாமும் முள்வேலியும் இல்லாத ஒரு யூத வரலாற்றைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். வெள்ளி, சனி வேண்டாம். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.