நீர்க்காகத்திற்கு என்ன குறி போடுவது?

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், உயிரினங்களுக்கு இடையிலான உறவுகளை, நன்மைக்குக் கூட்டல், தீமைக்குக் கழித்தல், இரண்டும் இல்லாவிட்டால் சுழியம் என்று குறியிட்டுக் காட்டும் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்திற்கு வரும் பறவைகளுக்காக, பக்கத்து ஊரான கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைக்கு நன்மை, மக்களுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்பதால் இது ‘உடன் உண்ணும் நிலை’தானே? மனிதன் கைவைக்காதவரை இயற்கை சமநிலையில்தான் இருக்கும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் படிக்க நல்ல நூல்களையும் சொல்லுங்கள்.

மெய்யம்மை, தேவகோட்டை

அன்புள்ள மெய்யம்மை,

வற்றிக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்க் கண்மாயைப் பார்த்து நான் யோசித்துக்கொண்டிருந்ததை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. மகள் மனப்பாடம் செய்வதை வேட்டங்குடியோடு பொருத்திப் பார்த்தீர்களே, அதற்காகவே உங்களுக்கு நன்றி.

ஆனால் சமநிலை என்ற கதையை அவளுக்குச் சொல்லாதீர்கள். 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி, கரை போட்டு, வரத்துக்கால் வெட்டி, மடை வைத்து மனிதர்கள் உண்டாக்கிய கண்மாய். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிறைந்து, உள்ளே நிற்கும் கருவேல மரங்களைத் தண்ணீர் சூழ்ந்தால்தான் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டும். மழை பொய்த்தால் அவை வேறு இடம் பார்த்துக்கொள்ளும். மனிதன் கைவைக்காத இயற்கைக்கு இதையா உதாரணம் காட்டுவது?

என் அம்மானுக்குக் கண்மாய்க்குக் கீழே வயல் இருந்தது; கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கு விடும் மீன்பாசி ஏலத்திலும் பங்கு இருந்தது. முங்கி எழும் நீர்க்காகத்தின் அலகில் கெண்டை துடிப்பதைக் கண்டால் அவர் வாயிலிருந்து வசவாகக் கொட்டும். அதே மனிதர், மடை திறந்ததும் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிப் பார்ப்பார். எச்சம் கரைந்து பச்சை பூத்திருந்தால், அந்தப் போகத்திற்கு உர மூட்டையில் ஒன்றைக் குறைத்துவிடுவார். மீன் குத்தகையில் அவருக்குப் போட்டியாக வந்த பறவை, வயலில் அவருக்குச் செலவைக் குறைத்தது. நீர்க்காகத்திற்கு அவர் என்ன குறி போட்டிருக்க வேண்டும்?

அந்த எச்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. தை மாதத்தில் கண்மாய் ததும்பி நிற்கும்போது அந்தச் சத்தில் நுண்பாசி பெருகும். பாசியைத் தின்னும் மிதவை உயிர்களும், அவற்றைத் தின்னும் மீன்குஞ்சுகளும் பெருகும். குஞ்சுகள் தேறியதும் நீர்க்காகம் பிடித்துத் தின்று, எச்சமாகக் கண்மாய்க்கே திருப்பித் தரும். சித்திரையில் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கிய பிறகு, அதே எச்சம் வேறு வேலை செய்கிறது. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசி, இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு சுவாசிக்கிறது. குறைந்த நீரில் அடர்ந்துவிட்ட பாசியும், செத்த பாசியை அழுகச் செய்யும் பாக்டீரியாவும் சேர்ந்து கரைந்திருக்கும் ஆக்சிஜனை விடிவதற்குள் தீர்த்துவிட, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, சில செத்தும் மிதக்கின்றன. பறவையும் அதே பறவை, மீனும் அதே மீன், இறங்கியது நீர்மட்டம். உயிரினங்களோடு நிறுத்தாமல், அவற்றைச் சூழ்ந்த மண், நீர், காற்றையும் ஒரே அமைப்பாகச் சேர்த்துத்தான் ஆர்தர் டான்ஸ்லி 1935-இல் சூழ்நிலை மண்டலம் என்ற கருத்தை முன்வைத்தார். உங்கள் அட்டவணையோ இரண்டு உயிர்களை மட்டும் எடுத்துக்கொண்டு தண்ணீரை வடித்துவிடுகிறது.

கொள்ளுக்குடிப்பட்டிக்கு லாபமில்லை என்பது, மன்னியுங்கள், வரப்பில் கால் வைக்காதவர்களின் பேச்சு. வனத்துறை தீபாவளிக்குக் கொடுக்கும் இனிப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மடை வழியே வயலுக்கு வரும் உரத்தைச் சொல்கிறேன். தேர்வில் உங்கள் மகள், உடன் உண்ணும் நிலைக்கு உதாரணமாக மாட்டையும் உண்ணிக்கொக்கையும் பாடநூலில் உள்ளபடியே எழுதட்டும். மதிப்பெண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

நூல் பட்டியல் தரமாட்டேன். தையில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் அவளை ஏதாவது ஒரு கண்மாய்க்கரைக்கு அழைத்துப் போங்கள். சித்திரையில் போவதென்றால் விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். வெயில் ஏறிப் பாசி மறுபடி ஆக்சிஜனை விடத் தொடங்கியதும் மீன்கள் கீழே இறங்கிவிடும்.