கைதட்டினார்கள், ஆனால் வாய் திறக்கவில்லை

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மனஅழுத்தம் பற்றி நாடகம் போட்டோம். நன்றாக ரசித்தார்கள். பிறகு கேட்டால் ஒருவரும் பேசவில்லை. ஏன்?

பதில்: கடைசிக் காட்சியில் பெரியவர் ஒருவர் வந்து அறிவுரை சொல்ல, எல்லாம் சரியாகியிருக்குமே? தீர்வையும் மேடையே சொல்லிவிட்டால் பார்ப்பவர்கள் பேச என்ன மிச்சம்! பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் வகுத்த ஃபோரம் தியேட்டர் முறையைப் பாருங்கள். நாடகம் 8 முதல் 10 நிமிடம் போதும். தூக்கமில்லாமல் தவிக்கும் மாணவி தோழி, அப்பா, ஆசிரியர் என மூவரிடமும் பேச முயல்கிறாள். மூன்று முறையும் பேச்சு முறிகிறது. அங்கேயே நிறுத்துங்கள். மறுபடி முதலிலிருந்து நடத்தும்போது பார்வையாளர் யாராவது "நிறுத்து" என்று சொல்லி, மேடையேறி, அந்த மாணவியின் இடத்தில் வேறு வழியை முயல வேண்டும். மற்ற நடிகர்கள் உடனே விட்டுக்கொடுக்கவும் கூடாது, கல்லாக நிற்கவும் கூடாது. ஒத்திகையில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள்.

பிள்ளைகள் அப்பாவின் இடத்தில் ஏறி அவரை மாற்றத்தான் ஆசைப்படுவார்கள். அனுமதிக்காதீர்கள்; வீட்டில் அவர்களால் அப்பாவை மாற்ற முடியாது. மாணவியின் இடத்தைப் போலவே தோழியின் இடத்திலும் ஏறலாம். இந்த வயதில் பலரும் முதலில் வாய் திறப்பது நண்பரிடம்தான் என்பதால், அதிகம் கற்பது அந்தக் காட்சியில்தான்.

ஒரு தடவைக்கு 30, 40 பேர். அடுத்தடுத்த இரண்டு பீரியட். அரங்கு நிறையக் கூட்டினால் துணிச்சல்காரர்கள் மட்டுமே எழுவார்கள்.

கேள்வி: மனச்சோர்வில் இருக்கும் மாணவனுக்கே அந்த வேடத்தைக் கொடுத்தால் பாரம் இறங்குமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இது பாடம், சிகிச்சை அல்ல. வகுப்பில் யாருக்காவது நடந்ததைக் கதையாக்குவதும் கூடாது. தற்கொலை முறையை மேடையில் காட்டாதீர்கள், வசனத்திலும் விவரிக்காதீர்கள். முடிந்ததும் நடிகர்கள் வேட உடையைக் கழற்றி, தங்கள் சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி வேடத்திலிருந்து வெளியே வர ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கேள்வி: நாடகத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை தனியாக வந்து, "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று ஆரம்பித்தால்?

பதில்: அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உதவக்கூடியவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதை நாடகத்துக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். மனநல ஆலோசகர் அன்று பள்ளியில் இருக்க முடியாதென்றால் நாளைத் தள்ளிவையுங்கள். கேள்விப் பெட்டி வைத்தால், எழுத ஒன்றுமில்லாதவர்களும் வெற்றுத் தாளையாவது மடித்துப் போட வேண்டும். அப்போதுதான் எழுதியவர் யாரென்று தெரியாது.