ஏறெடுத்துப் பார்த்தல்

அன்புள்ள ஐயாவுக்கு,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 11க்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். கடிதம் எழுதும் பாடத்தில் 'ரிகார்ட்' (regard) என்ற சொல் வந்தது. அகராதியைப் புரட்டினால் மதிப்பு, கவனம், உற்றுப் பார், கருது, தொடர்பு, வாழ்த்து என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. ஒரு பையன் எழும்பி, "டீச்சர், 'பற்றி' என்கிறதுக்கும் மரியாதைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. இன்னொன்று, 'வித் ரிகார்ட்ஸ் டு' என்று எழுதிய பிள்ளைகளுக்குப் புள்ளி குறைத்தேன். எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். நான் செய்தது சரியா? இந்தச் சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் இருக்கிறதா?

அன்புடன்,
ஓர் ஆங்கில ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

புள்ளி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் செய்தது சரி. 'தொடர்பாக' என்ற பொருளில் வரும்போது 'வித் ரிகார்ட் டு', 'இன் ரிகார்ட் டு' என்று ஒருமையில்தான் எழுத வேண்டும். 'அஸ் ரிகார்ட்ஸ்' என்பதில் வரும் 'ஸ்' பன்மை அல்ல, வினைச்சொல்லின் வால். 'ரிகார்ட்ஸ்' பன்மையில் தனியே நின்றால் அது விசாரிப்பு. 'அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்' என்று நாம் சொல்லியனுப்புகிறோமே, அது. இந்த மூன்றும் வாயில் கலந்துதான் உங்கள் பிள்ளைகள் எழுதியது பிறக்கிறது. முழுப் புள்ளியையும் வெட்டியிருந்தால் மட்டும் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெரிய பெரிய கந்தோர்களிலிருந்து வரும் கடிதங்களிலேயே அந்தப் பிழை இருக்கிறது.

பையனின் கேள்விதான் ருசியானது. அவனுக்கு நாளையே பதில் சொல்லலாம்: அந்தச் சொல்லுக்கு அடியில் இருப்பது ஒரு கண்.

பிரெஞ்சில் 'ரிகார்தே' என்றால் இன்றைக்கும் வெறுமனே 'பார்ப்பது'தான். அதற்குள்ளே இருக்கும் 'கார்தே', காவல் காப்பது, பார்த்துக்கொள்வது. அது ஜெர்மானிய மொழிகளிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. நானுஓயா ஸ்டேஷனில் பச்சைக் கொடி காட்டுகிற கார்ட் அந்தக் குடும்பத்து ஆள். ஆஸ்பத்திரி வாட்டும் அதே குடும்பம். முன்னால் 'ரி' சேர்ந்தபோது திரும்பிப் பார்ப்பது, ஊன்றிப் பார்ப்பது என்றாயிற்று. ஒருவரை ஊன்றிப் பார்த்தால் அவர் பொருட்டானவர், அங்கிருந்து மதிப்பு. ஒரு விஷயத்தின் பக்கம் கண்ணைத் திருப்பினால் 'அதைப் பற்றி'. 'ரெஸ்பெக்ட்' என்ற சொல்லையும் அவனுக்குக் காட்டுங்கள். லத்தீனில் அதுவும் 'திரும்பிப் பார்ப்பது'தான். அதுவும் மரியாதையாகிறது, 'வித் ரெஸ்பெக்ட் டு' என்று 'பற்றி'யும் ஆகிறது. ஒரு சொல்லுக்கு நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம், இரண்டுக்கும் நடந்திருக்கிறது.

பரிசு என்று பொருள்படும் 'ரிவோர்ட்' வேறு சொல் இல்லை, இதே சொல்லின் வடபிரெஞ்சு உச்சரிப்பு. பார்ப்பது எப்படிக் கொடுப்பதானது என்று யோசிக்க வேண்டியதில்லை. "நம்ம ஆளையும் கொஞ்சம் கவனிங்க" என்று ஒருவர் கந்தோர் வாசலில் சொன்னால் உங்கள் கை எங்கே போகும்?

சரி, நம் பக்கம் வருவோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க உங்கள் கையருகிலேயே ஒரு சொல் இருக்கிறது, தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கிற கங்காணி. கண்காணி என்பதுதான் அப்படித் திரிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை போடுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே அந்தச் சொல் இங்கே இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதைத் தங்கள் ஆங்கிலத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். கண்காணிப்பதும் பார்ப்பதுதான், கண்டுகொள்வதும் பார்ப்பதுதான். 'கார்ட்' முதலாவது, 'ரிகார்ட்' இரண்டாவது.

சின்ன வயதில் அம்மாவோடு கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றிருக்கிறேன். தராசுக் கொக்கியில் சாக்கு ஏறும். முள் ஆடும். கணக்கப்பிள்ளையின் கண் முள்ளில், அம்மாவின் கண்ணும் முள்ளில். மழை நாளென்றால் ஈரத்துக்கு என்று இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுவார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பாள், அதற்குள் அடுத்த சாக்கு ஏறிவிடும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்திலிருந்து மாலை நிறுவை வரை ஆள் மாற்றி ஆள் அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் ஒருத்தர்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்றுதான் வீட்டுக்கு வந்து சொல்வாள். இலக்கணம் படிக்காதவள், இரண்டு பார்வைக்கும் வித்தியாசம் வைத்துத்தான் பேசினாள்.

ஒரே சொல் கேட்டீர்கள். இல்லை என்றுதான் சொல்வேன், அதில் நமக்கு நட்டமும் இல்லை. 'மதிப்பு' அவ்வளவு பொருந்தாது. மதிப்பு என்பது அளந்து சொல்வது, அதனால்தான் காணிக்கும் மதிப்பு உண்டு, ஆளுக்கும் மதிப்பு உண்டு. ஆங்கிலத்தில் அதற்குச் சரியான சோடி 'எஸ்டீம்'. அதுவும் 'எஸ்டிமேட்'டும் ஒரே வேரில் வந்தவை, நம்முடைய மதிப்பும் மதிப்பீடும் போல. பழந்தமிழில் 'கண்ணோட்டம்' மிக நெருங்கி வருகிறது. குறளில் 58ஆம் அதிகாரமே அதுதான். அங்கே அதற்கு ஒருவர்மேல் கண் இரக்கத்தோடு ஓடுவது என்று பொருள். இன்றைக்கு அது 'அரசியல் கண்ணோட்டம்' என்று கட்டுரைத் தலைப்பாகிவிட்டது. நல்ல சொல், வேலை மாறிப் போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், எதிர்ச்சொல்லுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. பாராமுகம், கண்டுகொள்ளாமை, ஏறெடுத்தும் பாராமை, பொருட்படுத்தாமை. 'டிஸ்ரிகார்ட்' வருகிற இடத்தில் இடம் பார்த்து ஒன்றைப் போடுங்கள். 'ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இந்த அறிவித்தலை டிஸ்ரிகார்ட் செய்யவும்' என்று பில்லில் வந்தால் பொருட்படுத்த வேண்டாம், அவ்வளவுதான். ஒரு மனுசனை டிஸ்ரிகார்ட் செய்தால் அது பாராமுகம். 'ரிகார்ட்லெஸ்' வந்தால் 'எதையும் பார்க்காமல்' என்று பச்சையாகவே எழுதலாம். 'மழை வெயில் பார்க்காமல் மலைக்குப் போனாள்' என்பதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியவில்லை. அப்புறம், 'ரிகார்ட்' வினையாக வந்து ஒருவரை இன்னாராகக் கருதும்போது பின்னால் 'அஸ்' வர வேண்டும். பிள்ளைகள் அதை விட்டுவிடுவார்கள், அதற்குக் காரணம் 'கன்சிடர்'. அதற்கு அது தேவையில்லை.

இருபது வயதில் ஒரு தோட்ட ஆபீசில் டைப் அடிக்கப் போனேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரம் ஓட்டை என்று ஒரு மனு வந்தது. முதல் கைநாட்டு என் பெரியம்மாவுடையது. பதிலை நான்தான் அடித்தேன். 'வித் ரிகார்ட் டு யுவர் லெட்டர்' என்று தொடங்கும், விஷயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று நடுவில் ஒரு வரி, 'ரிகார்ட்ஸ்' என்று முடியும். மூன்று வரியில் மூன்று தடவை கவனம். சாயங்காலம் பெரியம்மா அடுப்படியில் ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னடா எழுதியிருக்கு?"

"கவனிக்கிறாங்களாம்."

"யாரு வந்து பாத்தா?"

நான் அடித்த கடிதத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. தகரம் மாறவில்லை. பெரியம்மாவின் கேள்வி மட்டும், உங்கள் அகராதி ஆறு சொல் போட்டும் சொல்லாததைச் சொல்லிவிட்டது. பையனுக்கு இந்தக் கதையையே சொன்னாலும் சரிதான்.

மின்னஞ்சலின் கடைசியில் என்ன போடுவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். முன்பின் தெரியாத கந்தோருக்கு 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' போதும். கொஞ்சம் பழகியவருக்கு 'கைண்ட் ரிகார்ட்ஸ்'. வெறும் 'ரிகார்ட்ஸ்' சில பேருக்குக் கறாராகப் படும், கோபத்தில் இருக்கும்போது நானே அதைத்தான் போடுகிறேன். தமிழில் எழுதினால் நீங்கள் எனக்குப் போட்டதையே போடச் சொல்லுங்கள்.

அன்புடன்